மருத்துவ மாணவர் மீது புகார் வந்தால் கல்லூரி உடனே நீக்கிவிட முடியுமா? விசாரணையில் மாணவருக்கு உள்ள உரிமைகள் என்ன?

குறுவை அறுவடை நேரம் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருக்கும் அப்பாவுக்கு ஒரு போன். "உங்க பையன் மேல கம்ப்ளைன்ட் வந்திருக்கு. நாளைக்குக் காலையில டீன் ஆபீஸுக்கு வந்துடுங்க." என்ன புகார், யார் கொடுத்தது, எதுவும் தெரியாது. மறுநாள் பஸ் ஏறும்போது அந்த அப்பாவின் மனதில் ஒரே கேள்விதான் இருக்கும்: "புள்ளைய காலேஜை விட்டே அனுப்பிடுவாங்களா?"

டெல்டாவில் ஒரு எம்.பி.பி.எஸ். சீட் என்றால் ஒரு குடும்பத்தின் இருபது வருஷ உழைப்பு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், சிதம்பரம் என்று வரிசையாக அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ள பகுதி இது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-ல் வந்த பிறகு, விவசாயக் கூலி வீடுகளில் இருந்தும் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போடத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த வீடுகளில் வக்கீலைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். டீன் அறையில் எதிரே உட்கார்ந்து பேசியும் பழக்கம் இருக்காது.

அதே நேரம், புகார் கொடுத்த பிள்ளையும் இதே மாதிரி ஒரு வீட்டில் இருந்துதான் வந்திருக்கும். ராகிங், பாலியல் சீண்டல், சாதியைச் சொல்லிக் கேலி, தேர்வு முறைகேடு எதுவாக இருந்தாலும் கல்லூரி கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. இருக்கவும் கூடாது. ஏன் என்று தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்ததே கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் சிதம்பரம்தான்.

சிதம்பரத்தில் நடந்தது என்ன?

1996 நவம்பர். அண்ணாமலைநகர் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன் அவர். ராகிங் செய்த சீனியர் மாணவர் ஒருவர் கைதானார். தமிழ்நாடே அதிர்ந்துபோன வழக்கு அது. அதன் விளைவாக வந்ததுதான் 1997-ம் ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். நாட்டின் பல மாநிலங்கள் இதுபற்றி யோசிக்கும் முன்பே இங்கே சட்டம் வந்துவிட்டது.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமானால் அந்த மாணவரைக் கல்லூரியில் இருந்து நீக்க வேண்டும், வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்க்கக் கூடாது. புகார் வந்தவுடன் கல்லூரித் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். உண்மை என்று தெரிந்தால் சஸ்பெண்ட் செய்ய வேண்டும். அவர் எடுக்கும் முடிவே இறுதியானது என்றும் சட்டம் சொல்கிறது.

இந்த "இறுதியானது" என்ற வார்த்தையைக் காட்டி, "இனிமே எங்கேயும் போக முடியாது தம்பி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. எந்தச் சட்டம் எதை இறுதி என்று சொன்னாலும், அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை அது பறிக்காது.

நாவரசு வழக்கில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. கடலூர் நீதிமன்றம் 1998-ல் அந்த சீனியர் மாணவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2001-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. கொலைக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே 15 வருஷம். ஒரு எம்.பி.பி.எஸ். படிப்போ ஹவுஸ் சர்ஜன் காலத்தோடு சேர்த்தே ஐந்தரை வருஷம்தான். கோர்ட் முடிவு தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லூரி காத்திருந்தால், புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவரும் படிப்பை முடித்துவிட்டு வெளியே போயிருப்பார்கள். அதனால்தான் போலீஸ் வழக்கு ஒரு பாதையிலும், கல்லூரி விசாரணை இன்னொரு பாதையிலும் போகின்றன.

பிறகு நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. இமாச்சலப் பிரதேசம் டாண்டா மருத்துவக் கல்லூரியில் 2009 மார்ச்சில் ராகிங்கால் ஒரு மாணவர் இறந்தார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. மருத்துவக் கல்லூரிகளுக்கென்று தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் தனி விதிமுறை வெளியிட்டது. இவற்றின்படி கோர்ட் தண்டனைக்குக் காத்திருக்காமலேயே கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழு நடவடிக்கை எடுக்கலாம். வகுப்புக்கு வரத் தடை, ஸ்காலர்ஷிப் நிறுத்தம், தேர்வெழுதத் தடை, ஹாஸ்டலை விட்டு வெளியேற்றம், சில செமஸ்டர்களுக்கு நீக்கம், கடைசியாக நிரந்தர நீக்கம் என்று அந்தப் பட்டியல் ஏறிக்கொண்டே போகும். எடுத்த எடுப்பில் கடைசிப் படிக்குப் போக வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தவறின் அளவுக்குத் தண்டனை இருக்க வேண்டும் என்பதுதான் பட்டியல் போட்டதன் அர்த்தமே.

சஸ்பெண்ட் என்பது சின்ன விஷயமா?

பெற்றோர் பலர் ஏமாறும் இடம் இது. "டிஸ்மிஸ் பண்ணலல்ல, சஸ்பெண்ட்தானே" என்று கொஞ்சம் நிம்மதியாகத் திரும்புகிறார்கள். மருத்துவப் படிப்பில் அந்த நிம்மதிக்கு இடமில்லை. காரணம், வருகைப் பதிவு.

தேர்வெழுத வேண்டும் என்றால் தியரி வகுப்புகளில் 75 சதவீதமும், பிராக்டிகல், வார்டு வகுப்புகளில் 80 சதவீதமும் வருகை வேண்டும். கலைக் கல்லூரியில் நண்பரின் நோட்டை வாங்கிப் படித்துவிடலாம். இங்கே நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்காத நாளை எந்த நோட்டிலும் வாங்க முடியாது. இரண்டு மூன்று மாதம் "விசாரணை நிலுவையில்" என்று வெளியே நிறுத்தினால் வருகை குறைந்துவிடும், அந்த ஆண்டுத் தேர்வு போய்விடும், கூடப் படித்த பேட்ச் முன்னால் போய்விடும்.

இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளின்படி, சேர்ந்த நாளில் இருந்து 9 ஆண்டுகளுக்குள் எம்.பி.பி.எஸ். முடிக்க வேண்டும். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு முயற்சிகள்தான்.

ஆக, கடைசியில் குழு "குற்றம் நிரூபணமாகவில்லை" என்று எழுதினாலும் போன வருஷம் திரும்பி வராது. தீர்ப்புக்கு முன்பே தண்டனை முடிந்துவிட்டது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். விசாரணை முடியும்வரை புகார்தாரரும் எதிர்த்தரப்பும் ஒரே ஹாஸ்டலில், ஒரே வார்டில் இருக்கக் கூடாது என்பது நியாயம். சாட்சிகளை மிரட்டிவிடக் கூடாது என்பதும் நியாயம். ஆனால் அதற்கு ஹாஸ்டலை மாற்றலாம், கிளினிக்கல் யூனிட்டை மாற்றலாம், புகார்தாரருடன் பேசவே கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடலாம். சஸ்பெண்ட் உத்தரவு கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது அதில் தேதி இருக்கிறதா என்பதுதான். எத்தனை நாளைக்கு, எந்த விதியின் கீழ், விசாரணை எப்போது முடியும் என்று எதுவுமே இல்லாமல் வரும் உத்தரவை எதிர்த்து எழுத்துப்பூர்வமாகக் கேட்க மாணவருக்கு முழு உரிமை உண்டு.

விசாரணையில் என்ன சொல்லியாக வேண்டும்?

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். விவசாயிக்கு அதில் கோபம் வரும். ஆனால் மீட்டரில் என்ன எண் வந்தது என்று அவருக்குத் தெரியும். காயவைத்துக் கொண்டுவரலாம், அளவு தப்பு என்று சண்டையும் போடலாம். எண்ணையே காட்டாமல் "எடுத்துட்டுப் போ" என்றால் அவர் என்ன செய்வார்? கல்லூரி விசாரணையில் இயற்கை நீதி என்று நீதிமன்றங்கள் பேசுவது ஏறக்குறைய இந்த மீட்டரைப் பற்றித்தான்.

இது புதிய கருத்து இல்லை. உத்தரப் பிரதேசத்தில் தேர்வில் முறைகேடு செய்ததாக மூன்று மாணவர்களின் முடிவைக் கல்வி வாரியம் ரத்து செய்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாரியத்துக்கு எதிரான அந்த வழக்கில், மாணவரின் எதிர்காலத்தைப் பாதிக்கும் முடிவை எடுக்கும் முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் "கேட்க வேண்டும்" என்றால் சினிமா கோர்ட் மாதிரி கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை என்று அர்த்தமில்லை. இதைப் புரிந்துகொள்ள ஒரு மருத்துவக் கல்லூரி வழக்கே இருக்கிறது. ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரி. 1972 ஜூன் மாதம் ஒரு இரவில் மாணவர்கள் சிலர் பெண்கள் விடுதி வளாகத்துக்குள் ஆடையில்லாமல் புகுந்து அத்துமீறியதாக 36 மாணவிகள் புகார் கொடுத்தனர். மூன்று பேர் கொண்ட குழு, குற்றம்சாட்டப்பட்டவர்கள் இல்லாத நேரத்தில் மாணவிகளிடம் வாக்குமூலம் வாங்கியது. மற்ற மாணவர்களின் போட்டோக்களோடு கலந்துவைத்து அடையாளம் காட்டச் சொன்னது. பிறகு சம்பந்தப்பட்ட மாணவர்களை அழைத்து, மாணவிகளின் பெயரைச் சொல்லாமல் புகாரில் உள்ளதைக் காட்டி, எழுத்தில் பதில் வாங்கியது. இரண்டு கல்வியாண்டுகளுக்கு அவர்கள் நீக்கப்பட்டனர்.

"எங்கள் முன்னால் சாட்சிகளை விசாரிக்கவில்லை" என்று மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1973-ல் நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை. குற்றம்சாட்டப்பட்ட மாணவர்கள் அதே வளாகத்தில் இருக்கும்போது, அவர்கள் முகத்துக்கு நேரே சாட்சி சொல்லச் சொன்னால் எந்தப் பெண்ணும் முன்வர மாட்டாள் என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டது. இயற்கை நீதி எல்லா இடத்திலும் ஒரே அச்சில் வார்த்த விஷயம் கிடையாது, சூழ்நிலைக்கு ஏற்ப மாறும் என்றது.

அரை நூற்றாண்டு கடந்தும் இந்தத் தீர்ப்பை எல்லோரும் எடுத்துப் பேசுகிறார்கள். பெரும்பாலும் கல்லூரித் தரப்பு வக்கீல்கள்தான் பேசுகிறார்கள். அவர்கள் வேகமாகத் தாண்டிப் போகும் பகுதி ஒன்று உண்டு. ராஞ்சி குழு குறுக்கு விசாரணையைத்தான் விட்டது, மற்ற எல்லாவற்றையும் செய்தது. புகாரைச் சொன்னது, பதிலை வாங்கியது, அடையாளத்தைச் சரிபார்த்தது. கூட்டத்தில் தவறான ஆளைப் பிடித்துவிடக் கூடாது என்று போட்டோவைக் கலந்துவைத்த அந்த ஒரு காரியம், இன்று வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்து முடிவெடுக்கும் குழுக்களுக்கும் பாடமாக இருக்க வேண்டும்.

நடைமுறையில் மாணவர் எதிர்பார்க்கக்கூடியவை இவை: என்ன செய்ததாகப் புகார், எந்தத் தேதி, எந்த இடம் என்று எழுத்தில் வேண்டும். பதில் தர நியாயமான அவகாசம் வேண்டும், காலையில் நோட்டீஸ் கொடுத்து மதியம் விசாரணை என்பது அவகாசம் ஆகாது. தன் தரப்பு ஆவணம், சாட்சியைக் கொடுக்க இடம் வேண்டும். முடிவுக்குக் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். புகார் கொடுத்தவரே குழுவில் உட்காரக் கூடாது. வக்கீலைக் கூட்டிப்போக மாணவருக்குப் பொதுவாக உரிமை கிடையாது. ஆனால் வெளியே ஒரு வக்கீலைப் பார்த்துப் பதிலைத் தயார் செய்வதை யாரும் தடுக்க முடியாது.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கல்லூரி விசாரணைக்குக் கோர்ட்டில் கேட்கும் அளவுக்கு, சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. நடந்திருக்க அதிக வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்தாலே போதும். அதனால் "ப்ரூஃப் இல்ல, ஒண்ணும் பண்ண முடியாது" என்று மெத்தனமாக இருப்பது ஆபத்து. சிசிடிவி பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும். அந்த நேரத்தில் அங்கே இல்லை என்பது மாணவரின் வாதமானால், குறிப்பிட்ட கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லி முதல் நாளே கடிதம் கொடுக்க வேண்டும். டூட்டி ரெஜிஸ்டர், ஹாஸ்டல் கேட் நோட்டு, நூலகப் பதிவு எல்லாம் இந்த மாதிரி நேரத்தில்தான் உயிர் பெறும்.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்க, முடிச்சிடலாம்"

டெல்டாவின் பழக்கம் பேசித் தீர்ப்பது. வாய்க்கால் தகராறாக இருந்தாலும் வரப்புத் தகராறாக இருந்தாலும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் முடிந்துவிடும். அதே நம்பிக்கையில் அப்பா, மகனை ஒரு வெள்ளைத் தாளில் "இனி இப்படி நடக்காது, மன்னித்துவிடுங்கள்" என்று எழுதச் சொல்வார். தப்பு செய்திருந்தால், மனதார வருந்தினால் எழுதலாம். அது தண்டனையைக் குறைக்கவும் உதவலாம். செய்யவே இல்லை என்றால் அந்தத் தாள்தான் பிறகு கோப்பில் முதல் ஆதாரமாக நிற்கும். "பிரச்னை வேணாம்னுதான் எழுதினோம்" என்று ஆறு மாதம் கழித்துச் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

போலீஸ் வழக்கும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) பிரிவு சொல்கிறது. கல்லூரிக் குழுவில் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு வரியும் போலீஸ் கோப்புக்குப் போகக்கூடும். குழுவுக்குத் தரும் பதிலைக் குற்ற வழக்கைப் பார்க்கும் வக்கீல் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

கைதாகிவிட்டால் படிப்பு முடிந்ததா?

அப்படியும் இல்லை. மும்பை நாயர் மருத்துவமனையில் முதுநிலை மருத்துவம் படித்த பழங்குடி மாணவி பாயல் தட்வி 2019 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். சாதியைச் சொல்லிக் கொடுமைப்படுத்தியதாக மூன்று சீனியர் பெண் மருத்துவர்கள் கைதாகி, ஜாமீனில் வந்தனர். கல்லூரிப் பகுதிக்குள்ளேயே போகக் கூடாது என்று ஜாமீன் நிபந்தனை. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் திரும்பிச் சென்று படிப்பை முடிக்க அனுமதித்தது. குற்றம் நிரூபணமாகும் வரை நிரபராதி என்ற நிலையில் படிப்பைத் தடுப்பது சரியாகாது என்பது அதன் அடிப்படை. சாட்சிகளிடம் எந்த வகையிலும் நெருங்கக் கூடாது என்ற கண்டிப்பும் கூடவே இருந்தது.

பாயலின் அம்மாவுக்கு அந்த உத்தரவு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் மனம் கனக்கும். வழக்கு நடந்துகொண்டே இருக்க, குற்றம்சாட்டப்பட்டவர்கள் டாக்டராகிக்கொண்டிருப்பார்கள். அந்த வலிக்குச் சட்டத்தில் இருந்திருக்கக்கூடிய பதில், கல்லூரி அளவிலேயே விரைவாக, முறையாக ஒரு விசாரணை நடப்பதுதான். முறையாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது.

அவசரம் யாருக்கு நஷ்டம்?

கேரளா, வயநாடு மாவட்டம் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி. 2024 பிப்ரவரியில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் விடுதியில் இறந்து கிடந்தார். சக மாணவர்கள் கூடி அடித்துக் கொடுமை செய்தது தெரியவந்தது. கேரளாவே கொதித்தது, வழக்கு சிபிஐக்குப் போனது. சம்பந்தப்பட்ட மாணவர்களுக்கு மூன்று ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது.

அந்த மாணவர்கள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்கள் தரப்பைச் சொல்ல முறையான வாய்ப்பு தரப்படவில்லை என்றார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து, முதலில் இருந்து விசாரணை நடத்தச் சொன்னது. மகனை இழந்த குடும்பம் மறுபடியும் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. மீண்டும் விசாரணை நடந்து, 19 மாணவர்கள் நீக்கப்பட்டதாக 2025-ல் பல்கலைக்கழகம் நீதிமன்றத்தில் தெரிவித்தது.

நாடே பார்த்துக்கொண்டிருந்த வழக்கிலேயே ஒரு வருஷம் வீணானது. புகார் உண்மையா பொய்யா என்பது அந்த டிசம்பர் தீர்ப்பில் பிரச்னையே இல்லை. நோட்டீஸ், அவகாசம், விளக்கம் ஆகியவைதான் பிரச்னை. இவற்றைக் குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்று நினைக்கும் கல்லூரி நிர்வாகங்கள் இங்கேயும் உண்டு. டிவியில் செய்தி ஓட ஆரம்பித்ததும் "சம்பந்தப்பட்ட மாணவர்கள் நீக்கம்" என்று ஒரு வரி அறிவிப்பு கொடுக்க அவசரம். அந்த ஒரு வரியே பிறகு கோர்ட்டில் குற்றம்சாட்டப்பட்டவருக்குக் கைகொடுக்கும்.

எல்லாப் புகாரும் ஒன்றா?

இல்லை. பாலியல் துன்புறுத்தல் புகாரை ராகிங் குழு விசாரிக்காது, உள்ளகக் குழுதான் விசாரிக்கும். யுஜிசியின் 2015 விதிகளின்படி 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும், முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சேர்க்கையிலேயே மோசடி என்றால் கதை வேறு. 2019-ல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளியே வந்த நீட் ஆள்மாறாட்டம் போன்ற வழக்குகளில் சீட்டே செல்லாது என்பதுதான் வாதம். மத்தியப் பிரதேச வியாபம் ஊழலில் 2008 முதல் 2012 வரை சேர்ந்த 634 மருத்துவ மாணவர்களின் சேர்க்கையை 2017-ல் உச்ச நீதிமன்றம் ரத்தாக்கியது. சிலர் படிப்பையே முடித்திருந்தார்கள். அனுதாபத்துக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை.

தண்டனை அளவுக்கு ஒரு பழைய உதாரணம்: 2016-ல் சென்னை அருகே மாடியில் இருந்து நாயைத் தூக்கி வீசி வீடியோ எடுத்த விவகாரத்தில், இரண்டு மருத்துவ மாணவர்களுக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தலா 2 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. நிரந்தரமாக நீக்கவில்லை. அது போதுமா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ராகிங்கில் யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் கூட்டாகத் தண்டனை கொடுக்க யுஜிசி விதி இடம் தருகிறது. மாணவர்கள் வாய் திறக்கட்டும் என்பதற்காக வைத்த விதி. ஆனால் அந்த ராத்திரி ஊருக்குப் போயிருந்த மாணவனும் அதே அறை என்பதற்காகச் சிக்கலாம். பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், ஹாஸ்டல் அவுட் பாஸ் இவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

டெல்டா மாணவர் எங்கே போக வேண்டும்?

முதல் கதவு மேல்முறையீடு. இணைவிப்புக் கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழு தண்டனை கொடுத்தால் துணைவேந்தரிடம் மேல்முறையீடு செய்யலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசுக் கல்லூரிகளுக்கு அது கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் "ரிட் போட முடியாது" என்று சொல்வார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் பொதுக் கடமையைச் செய்கிறது, அதற்கு எதிராகவும் ரிட் செல்லும் என்று 2015-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

செலவுக்குப் பயப்படுபவர்களுக்கு: ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் தருவார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. புகார் கொடுத்த மாணவிக்கும் இதே கதவு திறந்திருக்கிறது. ராகிங் புகாருக்கு 24 மணி நேர இலவச எண் 1800-180-5522.

ரிட் மனு என்று வந்தால் டெல்டாவுக்குள்ளேயே வழி இரண்டாகப் பிரியும். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்கள் மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகின்றன. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்கள் சென்னைக்குப் போக வேண்டும். நீடாமங்கலத்துக்காரர் பக்கத்தில் இருக்கும் தஞ்சாவூரில் விசாரித்துவிட்டு மதுரைக்கு வண்டி ஏறக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது கல்லூரி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை.

அங்கே போனாலும் நீதிபதி பொதுவாகத் தானே விசாரித்து, குற்றம் செய்தாரா இல்லையா என்று முடிவு சொல்ல மாட்டார். நடைமுறை சரியாக இருந்ததா, தண்டனை அளவு மீறியதா என்றுதான் பார்ப்பார். தவறு இருந்தால் வழக்கு மீண்டும் கல்லூரிக்கே வரும். பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கும் நேரம் என்றால், தேர்வை எழுதட்டும், முடிவை மட்டும் வெளியிடாமல் நிறுத்திவையுங்கள் என்று இடைக்கால உத்தரவு கேட்பது வழக்கம். தேர்வுக்கு முதல் நாள் போய்க் கேட்டால் அது கிடைப்பது சிரமம். அதனால் சஸ்பெண்ட் உத்தரவு வந்த தேதியையும் தேர்வு அட்டவணையையும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.